காயம் இறைத்த மருந்து

மல்லாவிச் சந்தையடியில் ஓர் உயிரின் விலை நாற்பது ரூபா. பேரம் பேசினால் முப்பத்தைந்து. விலை வைத்தவர் குகதாசன். அவருடைய கோழித்தீன் கடை மேசையின் கீழ் லாச்சிக்குள் பல நிறக் கப்சூல்கள் கிடந்தன. காய்ச்சலோ காயமோ, கேட்டவருக்கு இரண்டை எடுத்து நீட்டுவார்.

"ஏழு நாளைக்கு விழுங்கச் சொல்லுறது கம்பனிக்காரன்ர கதை. ரெண்டு காணும்."

காயமென்றால் கப்சூலை உடைத்துத் தூளை மேலே கொட்டச் சொல்வார். வீட்டின் பின்னாலிருந்த கோழிக்கொட்டிலிலும் அதே வைத்தியம்தான். நோய் வந்தாலென்ன, வராவிட்டாலென்ன, தண்ணீர் வாளிக்குள் ஒரு கரண்டி மருந்து. டொக்டர்மார் நோய்க்குப் பின்னால் ஓடுகிற மடையர்களாம். தான் முன்னால் ஓடுகிறவராம்.

கொட்டில் தகரம் அவருடைய மனைவி பிரஷாந்தினியின் கணுக்காலைக் கீறியது. நூலளவுக் கீறல். குகதாசன் தூளைக் கொட்டிக் கட்டினார்.

நான்காம் நாள் மத்தியானம் கட்டை அவிழ்த்தபோது ஏதோ சரியில்லை என்று பட்டது. காயத்துக்குள் ஒரு பொட்டுத் தூள் இல்லை. கரைந்திருக்கும் என்று நினைக்கவும் வழியில்லை. கொட்டிய தூள் முழுவதும் காயத்தைச் சுற்றித் தோலின்மேல் வட்டமாக ஒதுங்கிக் கிடந்தது, கூட்டித் தள்ளியதுபோல.

"நீ துடைச்சனியோ?"

"தொடவே ஏலாமக் கிடக்கு, இவர் துடைச்சனியோ எண்டு கேக்கிறார்!"

இன்னும் இரண்டை உடைத்துக் கொட்டினார். வேறு நிறத்தில் ஒன்றை விழுங்கக் கொடுத்தார். மறுநாள் மூன்றாவது நிறம்.

அன்று கரண்ட் நின்றது. கொட்டிலின் விசிறிகள் ஓய, கோழியெச்சத்தின் காரநெடி வெயிலில் வெந்து வீட்டுக்குள் ஊர்ந்து வர, ஆயிரம் கோழிகளும் ஏனோ வாயடைத்துப் போயிருந்த அந்த அமைதிக்கு அடியில், தூரத்து வயலில் தண்ணீர் இறைப்பதுபோல ஓர் இரைச்சல் கேட்டது. கிணற்றடிக்குப் போனார். மோட்டர் ஓடவில்லை. தொட்டுப் பார்த்தார், குளிர்ந்திருந்தது. வீட்டுக்குத் திரும்பத் திரும்பச் சத்தம் கூடியது. குசினியில் இல்லை. அறையில். கட்டிலில். கணுக்காலில்.

குனிந்து காதை வைத்தார்.

இறைத்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கஜனி, குகதாசன் கொடுத்த மருந்துகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். எழுத எழுத டொக்டரின் முகம் இறுகியது.

"கிருமியின்ர தோலில பம்ப் மாதிரி ஒரு புரதம் இருக்கு ஐயா. உள்ளுக்கு வாற மருந்தை வெளியில தள்ளும். அரைகுறையாக் குடுத்துக் குடுத்து, நல்லாத் தள்ளுறதுகளை மட்டும் தப்ப விட்டிருக்கிறியள்."

"கண்ணுக்குத் தெரியாத பூச்சி மோட்டர் பூட்டியிருக்காம்!" குகதாசன் சிரித்துப் பார்த்தார். "வேற மருந்து போடுங்கோ, பிள்ளை. விலையைப் பாக்காதேங்கோ."

"இதென்ன உங்கட கடையோ? அந்தப் பம்ப் ஒரு மருந்தை மட்டும் தள்ளுறேல்ல. பல சாதி மருந்தைத் தள்ளும். இதுவரைக்கும் காணாததையும்."

குகதாசனுக்கு உள்ளூர ஏளனம். பொருளைப் பதுக்குகிற எந்த வியாபாரியும் முதலில் இல்லை என்றுதான் சொல்வான். இந்தச் சின்னப் பெட்டை தன்னிடமே வித்தை காட்டுகிறாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்த மூன்றாம் நாள் பகல், டொக்டர் கஜனி ஆய்வுகூடத் தாளை அவருடைய கையில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பதினான்கு மருந்துகளின் பெயர்கள். ஏழு, அவர் விற்றவை. மற்ற ஏழும் அவர் கேள்விப்படாதவை. எல்லாவற்றுக்கும் நேரே ஒரே சொல்: எதிர்ப்பு.

பிரஷாந்தினி கண் திறக்கவில்லை. தலைக்கு மேல் போத்தலில் மருந்து சொட்டியது. குழாய் வழியே கைக்குள் இறங்கியது.

கணுக்காலுக்குக் கீழே விரிப்பு நனைந்திருந்தது. சீழ் இல்லை. இரத்தம் இல்லை. தெளிந்த நீர். மூக்கை வைத்துப் பார்த்தார். போத்தலின் மணம்.

மேலே ஒரு துளி. கீழே ஒரு துளி.

அந்த இரைச்சல். தாதிக்குக் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரிக்கும் கேட்கவில்லை. அவருக்கு மட்டும்.

வேறொன்றும் தெரியாத மனிதர், துளிகளை எண்ணத் தொடங்கினார். அவளுடைய கன்னம் எண்ணும்போதே குழிந்தது. உதடு வெடித்தது. விரல்கள் சுருங்கின.

உள்ளே அறுபது.

வெளியே எண்பத்திரண்டு.