கயிற்றுக்கு அப்பால் ஒரு கொலை!

ட்ரிங்... ட்ரிங்...

2006, ஆவணி. சனிக்கிழமை காலை ஏழு மணி. ஹம்பேர்க் நகரில் ஒரு நாலாம் மாடி வீடு.

போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டி போனை எடுத்தான் அன்ரன்.

"அன்ரன்! உடன இறங்கி வா! எலிசபெத்தை வெட்டிப்போட்டாங்கள்!"

டொக்! மறுமுனை துண்டிக்கப்பட்டது.

பேசியது பக்கத்து வீட்டு கிளாசன். வயது எழுபத்திரண்டு. துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் சுங்க அதிகாரியாக இருந்து, கப்பல் கப்பலாகக் கள்ளர்களைப் பிடித்தவர். பேசியதென்னவோ ஜெர்மன்தான். ஆனால் பதினேழு வருடம் இங்கே குப்பை கொட்டிய அன்ரனின் காதில் ஜெர்மன் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். நாமும் அப்படியே கேட்போம்.

அன்ரன் போர்வையை உதறி எழுந்தான்.

எலிசபெத் என்பது கிளாசனின் மனைவி.

அந்த அம்மா செத்து நாலு வருடம்!

'செத்தவவைத் திரும்ப ஆரப்பா வெட்டினது?'

சாரமும் பெனியனுமாக நாலு மாடியும் இறங்கி ஓடினான்.

கிளாசனின் வீட்டுக்குப் பின்னால் தோட்டம். தோட்டத்தின் நடுவே இழுத்துக் கட்டிய ஒரு வெள்ளைக் கயிறு.

போன வைகாசியில், பல்கனியில் பெயின்ற் வாளிக்குள் மிளகாய்க் கன்று வளர்த்துக்கொண்டிருந்த அன்ரனைக் கைதட்டிக் கூப்பிட்டு, பாதித் தோட்டத்தைச் சும்மா கொடுத்தவர் கிளாசன். ஒரே நிபந்தனை. அதையும் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் உன்னுடையது. அந்தப் பக்கம் ஒரு இலையைத் தொட்டாலும் படலைத் திறப்பு, அதாவது வேலிக் கதவின் சாவி, அன்றைக்கே திரும்பி வரவேண்டும்!

இந்தப் பக்கத்தில் மிளகாய் காய்த்துக் குலுங்கியது. பூசணி பிஞ்சு பிடித்திருந்தது. அந்தப் பிஞ்சோடு தினமும் பத்து நிமிடம் பேசாவிட்டால் அன்ரனுக்கு வேலைக் களைப்பே போகாது.

அந்தப் பக்கத்தில்...

ஐயோ!

ஏழு தண்டுகள். ஏழும் கணுக்கால் உயரத்தோடு வெட்டப்பட்டிருந்தன.

"எலிசபெத் எண்டது... செடியோ?" அன்ரன் மூச்சு வாங்கினான்.

"மனுசி கடைசியா வாங்கின விதை! அவவின்ர பேரைத்தான் வைச்சனான். இடுப்பளவு உயரம்! செக்கச்செவேலெண்டு இலை! வால் மாதிரித் தொங்கிற பூ! நாளைக்குப் பூக்கண்காட்சி!" கிளாசனின் குரல் உடைந்தது.

"முயலாயிருக்கும்..."

"முயல் கத்தியாலையோ வெட்டும்?"



கிளாசன் பூதக்கண்ணாடியை எடுத்தார். தண்டுகளைப் பார்த்தார். மண்ணைப் பார்த்தார். அன்ரனையும் பார்த்தார்.

"அதென்ன பெனியனில சிவப்புக் கறை?"

"நேற்றைய கறி தெறிச்சது."

"ம்... படலைத் திறப்பு உன்னட்டையும் என்னட்டையும்தான் இருக்கு. நேற்றுப் பின்னேரம் நான் சீட்டாடப் போனனான். பன்னிரண்டு மணிக்குள்ள கொலைகாரனைப் பிடிச்சுத் தா. ஏலாதெண்டால் திறப்பை வை!"

பூசணிப் பிஞ்சு அன்ரனையே பார்ப்பது போலிருந்தது.

அந்த நேரம் பார்த்தா வந்து தொலைய வேண்டும்?

"குட் மார்னிங்!"

படலைக்கு வெளியே வசந்த்குமார். எதிர்க் கட்டடத்து ஐ.டி. இன்ஜினியர், கோயம்புத்தூர்க்காரர். கறிவேப்பிலை நட நாலடி இடம் கேட்டு மூன்று மாதமாகக் கிளாசனைச் சுற்றிக்கொண்டிருப்பவர். கையில் அளவு டேப் வேறு!

"இவன்தான்!" கிளாசன் பாய்ந்தார். "வியாழக்கிழமை வேலிக்கு மேலால எட்டிப் படம் எடுத்தவன்! இடம் பிடிக்க வேலி பாய்ஞ்சு வெட்டியிருக்கிறான்!"

"அண்ணே, என்ன சொல்றாரு?"

"அவரின்ர செடியளை நீர் வெட்டினதாம், தம்பி."

"ஐயய்யோ! போட்டோ மட்டும்தாண்ணே எடுத்தேன்! அம்மாவுக்கு மெயில் பண்ண!"

"ஏன்?"

"இந்த ஊர்ல தண்டுக்கீரையைப் பூச்செடின்னு வளக்கறாங்களேன்னு அம்மா ஒரே சிரிப்பு!"

"என்ன... கீரையோ?"

"ஆமாண்ணே, சிவப்புத் தண்டுக்கீரை. சமைச்சா சோறே சிவந்துரும்!"

அன்ரன் மெதுவாகக் குனிந்து தன் பெனியனைப் பார்த்தான்.

சிவப்புக் கறையைக் கையால் பொத்தினான்.

அதற்குள் கிளாசன் வசந்த்குமாரைப் பிடரியில் பிடித்து மண்வெட்டி வைக்கும் கொட்டிலுக்குள் தள்ளி, படாரென்று பூட்டினார்.

"காலைச் சாப்பாடு முடிய பொலிசைக் கூப்பிடுறன். அன்ரன், நீ தப்பினாய். திறப்பை நீயே வைச்சிரு!"

"அண்ணே! உள்ளே பெரிய சிலந்தி இருக்குண்ணே! விட்டுட்டுப் போயிடாதீங்க!" கொட்டில் அலறியது.

தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருபவர் புனித அந்தோனியார். அவர் பெயரைச் சுமந்தவன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான்.

'அந்தோனியாரே! இண்டைக்கு மட்டும் ஒண்டையும் கண்டுபிடிச்சுத் தராதேயும்!'

நாலு மாடியையும் நாற்பது பாய்ச்சலில் ஏறினான்.

குசினியில் அவன் மனைவி இமெல்டா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நேற்றைய கறி என்ன கறி?"

"கீரைக் கறி. ரெண்டாம் தரமும் கேட்டு வாங்கித் திண்டியள். இப்ப என்ன?"

"எங்க வெட்டினீர்?"

"உங்கட தோட்டத்திலதான். கொழுகொழுவெண்டு நிண்டுது. கிளாசன் முந்தி நட்டு விட்டதாக்கும், முட்டுவலியில குனிய ஏலாதாக்கும் எண்டு முழுக்க வெட்டித் துப்புரவாக்கி விட்டனான்."

"ஐயோ, அது அவரின்ர பூச்செடி!"

"பூவெண்டால் வேலியோரம் நிக்கும். இது பாத்தியில வரிசையா நிண்டுது. வரிசையா நிண்டால் மரக்கறிதானே?"

"கயிறு! கயிறு தெரியேல்லையோ?"

"அது உடுப்புக் காயப்போடுற கொடியெல்லோ? உங்கட சாரத்தை ரெண்டுதரம் காயப்போட்டனான்!"

"கயிற்றுக்கு அங்கால தொடப்படாது எண்டு கையெழுத்துப் போட்டிருக்கு!"

இமெல்டா கத்தியை வைத்தாள். இடுப்பில் கையை வைத்தாள்.

"ஓமோ? முழுத் தோட்டமும் எங்களுக்குத்தான், வெள்ளைக்காரன் என்னை நம்பித் தந்திட்டான் எண்டு கோயில்ல சனத்துக்கு முன்னால புளுகினது ஆர்?"

அன்ரன் சுவரைப் பார்த்தான். சுவர் உதவிக்கு வரவில்லை.

"நல்லகாலம், அந்த மனுசனுக்கும் ஒரு கிண்ணம் கொண்டுபோய் வாசல்ல வைச்சனான்..." என்றாள் இமெல்டா.

"என்னது!"

கிர்ர்ர்ர்...

அழைப்பு மணி!

வாசலில் கிளாசன். கையில் இமெல்டாவின் சில்வர் கிண்ணம். கிண்ணம் நிறைய பிளம்ஸ் பழம்.

"பாத்திரத்தை வெறுமையாத் திருப்பக் கூடாதெண்டு உன்ர மனுசிதான் சொல்லித் தந்தவ." கிளாசனின் முகம் மலர்ந்திருந்தது. "நேற்று வந்து சாப்பிட்டன். மிச்சத்தை இப்ப பாணோட சாப்பிட்டன். அந்தச் சிவப்புச் சாமான்... என்ன ருசி! எந்தக் கடையில வாங்கினது?"

அன்ரன் இமெல்டாவைப் பார்த்தான்.

பேசாமல் இருந்தால் திறப்பு தப்பும். பூசணி தப்பும். கொலைகாரன்தான் கொட்டிலில் இருக்கிறானே! ஆனால் ஜன்னலுக்கு வெளியே "அண்ணே..." என்ற ஈனக்குரல் நாலு மாடி ஏறி வந்துகொண்டிருந்தது.

பாழாய்ப்போன மனச்சாட்சி!

சாரத்து மடியிலிருந்து திறப்பை எடுத்து மேசையில் வைத்தான். கண் கலங்கிவிட்டது.

"வசந்த்குமாரை விடுங்கோ. அவன் பாவம். நீங்கள் சாப்பிட்டது... எலிசபெத்தை!"

கிளாசன் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

கிண்ணத்தையே பார்த்தார்.

"ரெண்டு தரம் சாப்பிட்டன்..." என்றார் ஈனசுரத்தில்.

"ஓம்."

"கிண்ணத்தை விரலால வழிச்சு..."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

கிளாசன் நீளமாக மூச்சு விட்டார். "முப்பத்தெட்டு வருசக் குடித்தனத்தில எலிசபெத் எனக்கு இவ்வளவு ருசியா ஒண்டும் தரேல்லை."

இமெல்டா சாமியறைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் பூச்சாடி. சாடிக்குள் ஏழு சிவப்பு வால்கள், வாடாமல்!

"பூவை நான் சமைக்கேல்லை. மாதாவுக்கு வைச்சனான். நாளைக்கு இதைக் கொண்டுபோங்கோ. விதையும் இதுக்குள்ளதான்."

கிழவர் அந்தப் பூவைத் தடவினார். பிறகு வாய்விட்டு அழுதார். அழுது முடித்து மூக்கைச் சிந்தினார்.

"கடத்தல் சாமானைத் திண்டவனும் கள்ளன்தான். முப்பத்தோரு வருசம் நானே சொன்ன சட்டம்." திறப்பை அன்ரன் பக்கம் தள்ளினார். "கயிற்றை அவிட்டுப் பூசணிக்குப் பந்தல் போடு. வாற வருசம் அங்கால முழுக்கக் கீரை. ஆனா கொலையை மன்னிச்சாலும் ஒண்டை மன்னிக்க ஏலாது. உப்புக் கூடிப்போச்சு!"

"ஐயோ, கொட்டில்!" என்று கத்தினான் அன்ரன்.

மூவரும் ஓடினார்கள். கிளாசன் பூட்டைத் திறந்தார். தலையெல்லாம் சிலந்திவலையோடு வசந்த்குமார் வெளியே வந்தார். கிளாசன் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு, வேலியோரம் கறிவேப்பிலைக்கு நாலடியல்ல, எட்டடியே கொடுத்தார். அன்ரன் நடந்ததெல்லாம் தமிழில் சொல்லி முடித்தான்.

வசந்த்குமார் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெட்டினவங்க சாப்டாங்க, புளுகினவர் சாப்டாரு, கம்ப்ளெயின்ட் கொடுத்தவரே ரெண்டு தடவை சாப்டாரு. ஒரு வாய்கூட சாப்பிடாதவன் நான் ஒருத்தன்தான்... உள்ளே போனதும் நான் ஒருத்தன்தான்! கறி மிச்சம் இருந்தா போடுங்கக்கா, அந்தக் குத்தத்தையாவது பண்ணிக்கறேன்!"