ஏழாவது குழியில் இருபது அடி

போன் அடித்தது.

இன்ஸ்பெக்டர் பாதி முகத்தில் நுரையோடு எடுத்தார். காலை ஆறே முக்கால். மறுமுனையில் ஏட்டு. கோல்ஃப் கிளப்பில் ஒரு பிணம் என்றார். ஏழாவது குழிக்குப் பக்கத்து மணல் பள்ளத்தில் குப்புறக் கிடக்கிறது. பின்மண்டை உடைந்திருக்கிறது.

"யாரு?"

"பட்டியல்காரர் சார்."

இன்ஸ்பெக்டருக்குத் தூக்கம் கலைந்தது.

வருஷத்தில் முந்நூறு நாள் வெயில் அடிக்கும் பெரிய நகரம் அது. சுற்றிலும் நாற்பது கோல்ஃப் மைதானங்கள். அதில் 'கட்டாயம் ஆட வேண்டிய பத்து' எவை என்று வருஷா வருஷம் பத்திரிகையில் எழுதுகிறவர்தான் பட்டியல்காரர். பத்துக்குள் வந்த கிளப்பில் வெளியூர்க்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். பதினொன்றாவது கிளப்பில் ஈ ஓட்டுவார்கள்.

"எதால அடிச்சிருக்காங்க?"

ஏட்டு தயங்கினார்.

"குழி வெட்டுற இரும்பால சார். பக்கத்துலயே கிடக்கு. அது வந்து... உங்க மாமியாரோடது."

இன்ஸ்பெக்டர் மீதிப் பாதியை மழிக்காமலே கிளம்பினார்.

மாமியார் அந்த மைதானத்தின் தலைமைப் புல் பராமரிப்பாளர். பதினெட்டுக் குழிகள், ஆறு ஆட்கள், இருபத்தாறு வருஷ சர்வீஸ். மகள் மேல் பாசம். புல் மேல் உயிர். மாப்பிள்ளை மேல் மரியாதை, அதுவும் கொஞ்சம் தள்ளி நின்று.

கருவிகள் அடுக்கிய தகரக் கொட்டகையில், முக்காலியில் உட்கார்ந்து வெட்டும் இயந்திரத்தின் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கொலை நடந்த மைதானத்தில் அதைச் செய்ய வேண்டாம் என்று சொல்ல இன்ஸ்பெக்டருக்குத் தைரியம் வரவில்லை.

"அத்தை, நேத்து அவர்கிட்ட சண்டை போட்டீங்களாமே?"

"சண்டை இல்ல மாப்பிள்ளை. என் புல்லு வழுக்கையா இருக்குன்னாரு. உங்க தலைக்கு இது எவ்வளவோ தேவலைன்னேன்."

இருபது பேர் கேட்டிருக்கிறார்கள். பத்தொன்பது பேர் சிரித்திருக்கிறார்கள்.

காலையில் நடந்ததையும் மாமியார் மறைக்கவில்லை. ஐந்தே முக்காலுக்கு ஏழாவது குழியில் வேலையை முடித்திருக்கிறார். அதற்குள் பத்தாவது குழிப் பக்கம் தண்ணீர்க் குழாய் உடைந்து பீய்ச்சி அடித்திருக்கிறது. இரும்பை அங்கேயே போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். ஆறரைக்குத் திரும்பியபோது பள்ளத்தில் பிணம். அவர்தான் ஆபீசுக்குத் தகவல் சொன்னது.

"குழாயடியில உங்களை யாராவது பார்த்தாங்களா?"

"குழாய் பார்த்துச்சு."

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். பயந்துதான் போயிருந்தார்.

ஒன்பது மணிக்கு மேலதிகாரி பேசினார். சொந்தக்காரி என்று பார்க்கிறாயா, மத்தியானம் பன்னிரண்டுக்குள் கைது செய், இல்லையென்றால் வேறு ஆளை அனுப்புவேன், நீ தொப்பியைக் கழற்றி வைத்துவிடு என்றார்.

ஒன்பதே காலுக்கு மனைவி பேசினாள். அவள் சுருக்கமாகவே முடித்துக்கொண்டாள்.

"எங்கம்மா கையில விலங்கு மாட்டினீங்கன்னா, இன்னொரு ஜோடியும் வாங்கிட்டு வாங்க. வீட்டுக் கதவுக்கு ஆகும். உள்ள வர முடியாது."

முன்னால் போனால் கடிக்கும், பின்னால் போனால் உதைக்கும். இன்ஸ்பெக்டர் நடுவில் நின்றுகொண்டு கிளப் செக்ரட்டரியைப் பார்க்கப் போனார்.

செக்ரட்டரி அறையில் குளிர் அதிகம். சுவர் முழுக்கக் கோப்பைகள். மனிதர் சோகமாக இருந்தார், அளவாக. நேற்று சாயங்காலம் பட்டியல்காரரோடு ஆடியதாகச் சொன்னார். ஏழாவது குழி முடிந்ததும் இருட்டிவிட்டது, அவர் கிளப் விருந்தினர் அறைக்குப் போனார், நான் வீட்டுக்குப் போனேன், காலையில் போன் வந்த பிறகுதான் இந்தப் பக்கமே வந்தேன். கார் நிறுத்துமிடம், இந்த அறை, இரண்டைத் தவிர எங்கேயும் போகவில்லை.

கார் வந்து நின்ற பிறகு அவர் வேறெங்கும் போகாதது உண்மைதான். ஏழாவது குழி மேட்டுக்கு அந்தப் பக்கம், இங்கிருந்து தெரியாது. அங்கே ஏட்டு கயிறு கட்டி யாரையும் விடவில்லை.

"கடைசியா அவர் எப்படி இருந்தாரு?"

"அசந்து போயிருந்தாரு." செக்ரட்டரியின் முகத்தில் முதல் முறையாக வெளிச்சம் வந்தது. "ஏழாவதுல நான் ஒண்ணு தட்டினேன் பாருங்க இன்ஸ்பெக்டர். இருபது அடி! குழி பின்னாடி வலது மூலையில, மேட்டுக்கு அந்தாண்ட. பந்து ஏறி, வளைஞ்சு, யோசிச்சு... டொக்!"

எழுந்து, மூலையில் இருந்த குடையை எடுத்து, கம்பளத்தில் தட்டிக் காட்டினார். பிறகு இன்னொரு தடவை தட்டினார். முப்பது வருஷத்தில் அப்படி ஒன்று விழுந்ததில்லை என்றார். பார்த்த ஒரே ஆளும் போய்விட்டாரே என்றபோது அவர் குரல் தழுதழுத்தது. அந்தச் சோகம் நிஜம்.

பதினொன்றரை.

இன்ஸ்பெக்டர் கொட்டகைக்குத் திரும்பினார். விலங்கை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"அத்தை, என்னை மன்னிச்சிருங்க."

"கடமையைச் செய்யறதுக்கு என்ன மன்னிப்பு." மாமியார் கத்தியைக் கீழே வைத்துக் கையைத் துடைத்தார். "செக்ரட்டரி என்ன சொன்னாரு?"

"அந்தாளு கதையை விடுங்க. கொலை நடந்திருக்கு, அவருக்கு நேத்து சாயங்காலம் பின் மூலையில இருபது அடியில தட்டினதுதான் பெருசா இருக்கு."

மாமியாரின் கை துணியிலேயே நின்றது.

"எந்த மூலை?"

"பின்னாடி. வலது பக்கம்."

மாமியார் எழுந்து சுவரில் ஆணியில் தொங்கிய அட்டையை எடுத்தார். பதினெட்டுக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் தேதி வாரியாகப் புள்ளிகள்.

"குழி ஒரே இடத்துல இருந்தா மிதிபட்டுப் புல்லு செத்துரும் மாப்பிள்ளை. அதனால தினமும் விடியக்காலையில பழைய குழியைப் புல்லு வச்சு அடைச்சிட்டு, வேற இடத்துல புதுசா வெட்டுவேன். நேத்து பூரா ஏழாவதுல குழி முன்னாடி இடது பக்கம். பின் மூலைக்கு மாத்தினது இன்னிக்கு அஞ்சே முக்காலுக்கு."

இன்ஸ்பெக்டர் அட்டையை வாங்கி இரண்டு புள்ளிகளையும் பார்த்தார்.

விலங்கையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு ஓடினார்.

செக்ரட்டரியிடம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, அந்த அதிசய அடியைப் படமாக வரைந்து தரக் கேட்டார். மனிதர் ஆசையாக வரைந்தார். மேடு, வளைவு, குழி. கீழே தேதி போட்டு, நேற்று சாயங்காலம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் அட்டையை வைத்தார்.

"நேத்து குழி இங்க சார். நீங்க பந்தைப் போட்ட குழி, பொறந்தே ஆறு மணி நேரம்தான் ஆகுது."

குழி தினமும் இடம் மாறும் என்பது முப்பது வருஷம் ஆடியவருக்குத் தெரியாததல்ல. சந்தோஷத்தில் மறந்துவிட்டது. செக்ரட்டரி குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

நேற்று ஆறாவது குழியிலேயே இருட்டிவிட்டதாம். காலை ஆறு மணிக்கு ஏழாவதிலிருந்து தொடர்ந்திருக்கிறார்கள். பந்து விழுந்தது. அந்த நல்ல நேரத்தில் இவர் பட்டியல் பற்றிக் கேட்டிருக்கிறார். பத்துக்குள் வராவிட்டால் செக்ரட்டரிக்கு வேலை போய்விடும். பட்டியல்காரர் சிரித்துக்கொண்டே, முடிவு பண்ணியாச்சு, பார்த்தால் உங்களுக்கு மயக்கமே வரும் என்றிருக்கிறார். பதினொன்றுதான் என்று இவருக்குப் பட்டுவிட்டது. பக்கத்தில் இரும்பு கிடந்தது.

அப்போது ஏட்டு உள்ளே வந்தார். பிணத்தின் பையிலிருந்து எடுத்த தாள் ஒன்று அவர் கையில். இந்த வருஷப் பட்டியல்!

முதல் இடத்தில் இந்தக் கிளப். எதிரே ஒரே வரி: 'இந்த நகரத்திலேயே ஆகச்சிறந்த புல்.'

செக்ரட்டரிக்கு நிஜமாகவே மயக்கம் வந்தது.

பின்னாலேயே வந்திருந்த மாமியார் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். கண் கலங்கிவிட்டது. நல்ல மனுஷன், என்னைச் சும்மா சீண்டியிருக்கிறார், நேற்று நான் தலையைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது என்றார்.

தண்ணீர் தெளித்து எழுப்பி, விலங்கு மாட்டி, ஜீப்பில் ஏற்றினார்கள். மணி பன்னிரண்டாக ஐந்து நிமிஷம் இருந்தது. செக்ரட்டரி ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"இன்ஸ்பெக்டர்... சாட்சி இல்லாம போச்சு. அந்த இருபது அடியை யாராவது ஒத்துக்குவாங்களா?"

"கவலையை விடுங்க சார். குற்றப்பத்திரிகையில முதல் வரியே அதுதான்."