கேரியரில் ஒரு கனம்

விமான நிலைய வேலியைத் தாண்டிக் கால்வாய்ப் பாதையில் இறங்கியதும் சைக்கிள் இடப்பக்கம் சாய்ந்தது. டயரில் காற்று இருந்தது. ஹாண்டில்பாரும் நேராகத்தான் இருந்தது. ஆனாலும், காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேரியரில் ஒருபக்கமாக யாராவது உட்கார்ந்தால் ஓட்டுகிறவரின் இடுப்புக்குத் தெரியுமே, அந்தச் சாய்வு. சொந்த ஊரான கோபியில் தங்கையை டபுள்ஸ் வைத்து ஓட்டிய வான்மதிக்கு அது நன்றாகவே தெரியும். திரும்பிப் பார்த்தாள். கேரியரில் அவளுடைய சாப்பாட்டுப் பை மட்டும் இருந்தது.

கார் லைசென்ஸ் இன்னும் கிடைக்கவில்லை. சரக்கு விமான அலுவலகத்தில், கம்ப்யூட்டர்களை இரண்டாயிரமாவது ஆண்டுக்குத் தயார்செய்யும் வேலை. அங்கிருந்து இர்விங் நகரத்து அபார்ட்மெண்டுக்கு இந்தப் பாதைதான். நவம்பரில் ஆபீஸ் விடும்போதே இருட்டத் தொடங்கிவிடும். தலைக்கு மேல் ஒரு விமானம் வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்கியது. அதன் எரிபொருள் வாடை தண்ணீரின் பாசி வாடையோடு கலந்து தொண்டையில் படிந்தது. இரைச்சல் மெல்ல மெல்ல மரங்களுக்குப் பின்னால் அடங்கியபோது, முதுகுக்கு மிக அருகில் வளையல் குலுங்கியது. டிபன் பாக்ஸில் ஸ்பூனாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இன்றைக்கு ஸ்பூன் எடுத்து வரவில்லை.

நேற்று இங்கே, பாலத்தடியில், சுடிதார் போட்ட ஒருத்தி நின்றிருந்தாள். தலையெல்லாம் ஈரம். நம்ம ஊர் முகம் என்றதும் வான்மதி பிரேக் பிடித்துவிட்டாள்.

"தமிழாங்க? பக்கத்துலதான் இருக்கோம். ஒருநாள் வீட்டுக்கு வாங்க."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

சாப்பிடும்போது இதைச் சொன்னதும் கணவன் சபரி சிரித்தான்.

"இந்தியன் மூஞ்சியக் கண்டா போதும், வீட்டுக்குக் கூப்புட்டுருவ. அட்ரஸும் குடுத்துட்டயா?"

"இல்லீங்க. எப்படி வருவா, பாவம்."

"உன் சைக்கிள்லயே ஏத்திட்டு வா."

அந்தச் சிரிப்பு இப்போது உதவவில்லை. வீட்டில் இரண்டு வயது மகள் வெண்பா இருக்கிறாள். இந்தக் கனத்தைக் கொண்டுபோய் அவள் முன்னால் இறக்கக் கூடாது. வேறு எங்காவது திரும்பலாமா? திரும்பினால் இது இறங்கிவிடுமா?

சட்டையின் பின்புறம் நனைந்தது. வியர்வை இப்படிக் குளிராது.

ஒரு கை அவள் இடுப்பைப் பற்றிக்கொண்டது. பழகிய கைபோல.

அபார்ட்மெண்டின் மஞ்சள் விளக்குகள். வாசல். இன்னும் கொஞ்சம்தான்.

வான்மதி ஹாண்டில்பாரைக் கால்வாய்ப் பக்கம் ஒடித்தாள்.

விழுந்தது அவள் மட்டும்.

தண்ணீர். சேறு. கரையின் கான்கிரீட்டைப் பிடித்துத் தலையைத் தூக்கினாள். சைக்கிள் பாதையில் போய்க்கொண்டிருந்தது. பெடல்கள் சுற்றின. இப்போது அது சாயவில்லை.

கீழ்த்தளத்தில், அவர்கள் வீட்டு வாசலில் நின்றது.

"வந்துட்டயா? கதவு தொறந்துதான் இருக்கு," உள்ளேயிருந்து சபரியின் குரல்.

கத்த வாயைத் திறந்தாள். சேற்றுத் தண்ணீர்தான் வந்தது.

கதவு அகன்றது. வெளிச்சத்தில் வெண்பா ஓடிவந்து, "அம்மா!" என்று இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

குழந்தையின் கால்கள் தரையை விட்டு எழும்பின. ஓர் இடுப்பின் உயரத்துக்கு வந்து, அங்கேயே நின்றன.