மாத்தளையில் மாட்டிக்கொண்ட ரயில்

பள்ளிக்கூடக் கண்காட்சியில் உதயராஜ் செய்த ரயிலைப் பார்க்கத்தான் அத்தனை கூட்டம். மேசைகளைச் சேர்த்துப் போட்டு, கண்டியிலிருந்து மாத்தளை வரை தண்டவாளம் அமைத்திருந்தான். பெரிய நீல இன்ஜின், பின்னால் மூன்று பெட்டிகள். இப்படியொரு ரயில் இந்தப் பள்ளிக்கூடத்திலேயே கிடையாது என்று அவனே சொல்லிக்கொண்டான்.

அவன் வகுப்பில் படிக்கும் கிருஷாந்தினி செய்ததும் இன்ஜின்தான். ஆனால் அது மாஜரின் டப்பா அளவுதான் இருந்தது. செய்ததே மாஜரின் டப்பாவில்தானே! அதை மூலையில் வைத்திருந்தார்கள்.

"இது என்ன, தண்டவாளத்துல போற த்ரீவீலரா?" என்றான் உதயராஜ்.

"பெட்ரோல் இன்ஜின். நூறு வருசத்துக்கு முன்னால இங்கிலாந்து ஸ்டேஷன்கள்ல இந்த மாதிரி வச்சித்தான் பெட்டிகள இழுத்து, தள்ளி, மாத்துவாங்க. நீராவி இன்ஜின்னா தண்ணி கொதிக்கிற வரைக்கும் காத்திருக்கணும். இது கைப்பிடியச் சுத்துனா கிளம்பிடும்."

"தூரம் போகுமா?"

"போகாது. முன்னுக்கும் பின்னுக்கும் போகும்."

எல்லோரும் சிரித்தார்கள். கிருஷாந்தினிக்கு அழுகை வந்தது. காது சுட்டது. வகுப்பில் பெட்ரோல் கூடாது என்பதால் பாட்டரி போட்டு, முன்னும் பின்னும் ஓட ஒரு சுவிட்சும் வைத்து, எவ்வளவு பாடுபட்டுச் செய்திருந்தாள்!

அப்போது புஷ்பவதி டீச்சர் முதலாம் தரத்தில் படிக்கும் சின்னப் பிள்ளைகளை அழைத்து வந்தார். நீல ரயில் ஜம்மென்று ஓடி மாத்தளையில் நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"இனி எப்படிக் கண்டிக்குத் திரும்பிப் போகும்? மாத்தளையோட லைன் முடிஞ்சிருச்சே," என்று ஒரு சின்னப்பெண் கேட்டாள்.

உதயராஜின் இன்ஜினுக்கு முன்னால் போக மட்டுமே தெரியும். ஓட்டிப் பழகும்போதெல்லாம் அதைக் கையால் தூக்கி மறுபடி கண்டியில் வைத்திருந்தான். இப்போதும் தூக்கினான். பெட்டிகள் கவிழ்ந்தன.

"கையால தூக்குற ரயில்!" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உதயராஜின் காது சிவந்துவிட்டது.

கிருஷாந்தினியும் சிரித்திருக்கலாம். ஆனால் கொஞ்சம் முன்னால் தன் காதும் அப்படித்தான் சுட்டது என்பது அவளுக்கு நினைவிருந்தது.

"பெட்டிகள நிமித்தி வை. நான் இழுக்கிறேன்," என்றாள்.

குட்டி இன்ஜினைக் கடைசிப் பெட்டியில் மாட்டி, சுவிட்சைத் தட்டினாள். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"பாரமா இருக்கு. ஒவ்வொண்ணாத்தான் இழுக்கணும்," என்றாள் அவள்.

கடைசிப் பெட்டியை மட்டும் கண்டிவரை இழுத்தாள். அங்கே உதயராஜ் அழகுக்காகப் போட்டிருந்த பக்கத் தண்டவாளத்தில் அதைப் பின்னால் தள்ளி ஒதுக்கினாள். திரும்பிப் போய் அடுத்ததை இழுத்தாள். பிறகு இன்னொன்று. கடைசியாக, நிறுத்தி வைத்திருந்த பெரிய நீல இன்ஜினும் பேசாமல் பின்னால் வந்தது.

பிள்ளைகளின் கைதட்டல் அடங்கவேயில்லை.

"இந்த ரயில யாரு செஞ்சது?" அந்தச் சின்னப்பெண் கேட்டாள்.

"நான்தான்," என்றான் உதயராஜ். பிறகு கிருஷாந்தினியைக் காட்டினான். "ஆனா அவ இன்ஜின் இல்லேன்னா இது இன்னும் மாத்தளையிலதான் நிக்கும்."

கிருஷாந்தினிக்குப் பெருமை தாங்கவில்லை. மாஜரின் டப்பா இன்ஜினை இரண்டு கையாலும் தூக்கினாள். மூலைப் பக்கம் போகாமல், கண்டி ஸ்டேஷனுக்கு முன்னால் வைத்தாள். மாலைவரை யாரும் அதை அங்கிருந்து நகர்த்தவில்லை.