படகில் ஏறிய அக்கா

"கடைசி அத்தியாயத்தைக் காணோம் ஐயா. வேற பிரதியும் இல்ல, நாளைக்கு அச்சுக்குப் போகணும்" என்று துப்பறிவாளர்முன் வந்து நின்றார் எழுத்தாளர். பழம்புராணம் ஒன்றை மாயாஜால நாவலாக மாற்றி எழுதிக்கொண்டிருந்தார். புராணத்தில் மரணத்தின் படகு தம்பியை ஏற்றிக்கொண்டு போகும். அக்கா கரையில் நின்று அழுவாள்.

துப்பறிவாளர் பதறவில்லை. அவருக்கும் சேர்த்துப் பதறக் கூடவே மைத்துனர் இருந்தார். தொழிலில் தையல்காரர், பேச்சில் முந்திரிக்கொட்டை.

எழுத்தாளர் வீட்டு மேசையில் இரண்டு முதல் இருபது வரை எண்ணிட்ட தாள்கட்டுகள் கிடந்தன. அவற்றைச் சேர்த்துக் கட்டியிருந்த நூல் அறுந்திருந்தது. பக்கத்திலேயே கத்திரிக்கோல்.

"ஒண்ணாம் நம்பர்தானே இல்ல? கடைசி பத்திரமா இருக்கே!" என்றார் தையல்காரர்.

"முடிவைத்தாங்க நான் முதல்ல எழுதுவேன். அது வீட்டுல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்."

காலையில் வந்துபோன பதிப்பாளர்மேல் தையல்காரர் ஆசையாக வளர்த்த சந்தேகம் பொசுக்கென்று போயிற்று. மிஞ்சியது வீட்டில் இருக்கும் இருவர். எழுத்தாளரின் கணவர், படம் வரைகிறவர், கைகூப்பினார். எழுத்தாளரின் தம்பிக்கு வலக்கையில் மருந்து ஊசியும் கட்டும். இடக்கையை மட்டும் தூக்கினார். ஈரல் கெட்டுப்போனவர். அடுத்த வாரம் அக்காவின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்து அவருக்கு வைக்கப்போகிறார்கள்.

துப்பறிவாளர் நூலை நீட்டினார். "இது எப்படி அறுந்துது மச்சான்?"

"பல்லால கடிச்சது அத்தான். நுனி நைஞ்சிருக்கு பாருங்க. நானும் இப்படித்தான் கடிச்சு வீட்டுக்காரிகிட்ட திட்டு வாங்குவேன்."

"கத்திரிக்கோல் இருக்கறப்ப ஏன் கடிக்கணும்? நூலைப் பிடிக்க ஒரு கை, வெட்ட ஒரு கை வேணும். இவருக்கு ஒண்ணுதான் இருக்கு."

தம்பி தலைகுனிந்தார்.

"தான் சாகற கதைன்னு பயந்துட்டாரு!" என்றார் தையல்காரர்.

"அது எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய கதையாச்சே, ஒளிக்க என்ன இருக்கு? ஏம்மா, உங்க கதையில படகுல ஏறறது யாரு?"

"தம்பிக்குப் பதிலா அக்கா" என்றார் எழுத்தாளர். குரல் இறங்கிவிட்டது.

தம்பி தலையணைக்கு அடியிலிருந்து தாள்களை எடுத்தார். "நீ ஏறாதக்கா. கதையில கூட வேணாம். ஆபரேஷனே வேணாம்னு டாக்டர்கிட்ட சொல்லப்போறேன்."

திருடனைப் பிடித்த சந்தோஷம் தையல்காரருக்குப் போய்விட்டது.

எழுத்தாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். "பழைய படகுலதான்டா ஒருத்தருக்கு இடம். இது நான் செஞ்ச படகு. ரெண்டு பேரும் ஏறுவோம், ரெண்டு பேரும் திரும்பி வருவோம். நீயும் துடுப்புப் போடணும்."

"ஒரு கையாலயா?"

"இன்னொரு துடுப்பு என்கிட்ட இருக்கே."

"அப்ப டாக்டர்கிட்ட வேணாம்னு சொல்லல" என்று தம்பி இடக்கையால் தாள்களை நீட்டினார்.