கும்பத்துக்கு அள்ளின மண்

மூண்டாம் நாள் விடியப்புறம் விளக்கேத்தப் போகேக்கைதான் வேதவல்லி அதைக் கண்டவ. கும்பத்தைச் சுத்தித் தட்டத்திலை பரவி விட்ட மண்ணிலை நவதானியம் நகமளவுக்கு முளைச்சிருந்தது. ஆனா எல்லா முளையும் வாசல் பக்கம் சாஞ்சு நிண்டுது. வெளிச்சம் வாறது பின் யன்னலாலை. இருபத்தெட்டு வருசமா இந்தக் குளிர் நாட்டிலை, பிளேஸ்டோவிலை இதே வீட்டிலை, இதே நடு அறையிலைதான் நவராத்திரிக்குக் கும்பம் வைக்கிறா. ஒரு வருசமும் முளை இருட்டைப் பாத்துச் சாஞ்சதில்லை.

மண்ணும் மாறிப்போய்க் கிடந்தது. மட்டமாப் பரவின மண். இப்ப வாசல் பக்கமா மட்டும் குவிஞ்சு, ஆரோ உள்ளங்கையாலை தட்டி இறுக்கின மாதிரி ஒரு சின்ன வரம்பா நிண்டுது.

கும்பத்திலை கை படாமல், சுத்தி வர மண்ணை மெதுவாத் தடவி மட்டமாக்கினா. மண்ணின்ரை குளிரிலை கையெல்லாம் விறைச்சுப் போச்சு. மண்ணுக்குள்ளை உருண்டைக் கல்லுகள் எட்டுத் தட்டுப்பட்டுது. கோழி முட்டையிலும் கொஞ்சம் சின்னன், எல்லாம் ஒரே அளவு. அரிதட்டாலை அரிச்ச மண்ணுக்குள்ளை இவ்வளவு பெரிய கல்லு எப்பிடி வந்தது எண்டு யோசிச்சுக்கொண்டே அதுகளைப் பின் வளவுக்கை எறிஞ்சிட்டு வந்தா.

மண்ணெடுத்த கதை இதுதான். கடையிலை விக்கிற மண் பையிலை எலும்புத்தூள் கலக்கினம் எண்டு ஆரோ சொன்னதிலை இருந்து அவவுக்கு அந்த மண்ணிலை கும்பம் வைக்க மனமில்லை. போன மாசம் கோயில் ஆக்களோடை பஸ்ஸிலை வேல்ஸ் கடற்கரைக்குப் போனவை. கடலுக்குள்ளை மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிண்ட ஒரு முனை. அதிலை இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தின கோட்டையாம். கோட்டை எண்டு பாத்தா கல்லுமில்லை, கதவுமில்லை. குறுக்காலை ஆளுயர மண் அணை ஒண்டு, அதுக்கு முன்னாலை பள்ளமா வெட்டின ஒரு கிடங்கு. அவ்வளவுதான்.

புருசன் யோகலிங்கம் அங்கை நட்டிருந்த பலகையை வாசிச்சுச் சொன்னவர். "தரைப் பக்கம் மட்டும்தான் அணை கட்டினவையாம். மற்ற மூண்டு பக்கமும் கடல்தானே, ஆர் வரப்போறான் எண்டு விட்டிட்டினம். இப்ப கடல் பின்னாலை வந்து குடிசை, வளவு எல்லாத்தையும் திண்டிட்டுது. பாருமப்பா, காவல் மட்டும் மிச்சம். காக்க ஒண்டுமில்லை."

அணையின்ரை ஓரம் இடிஞ்சு சிவத்த மண் கொட்டுண்டு கிடந்தது. கால் படாத மண். வேதவல்லி ஷொப்பிங் பாக்கை விரிச்சா.

"இஞ்சரும், ஒண்டும் எடுக்காதையுங்கோ எண்டு போட்டிருக்கு."

"நாளைக்குக் கடலுக்கை விழப்போற மண்தானேப்பா. அம்மாளுக்கு எண்டா குறை வராது."

அவவுக்கு இந்த முறை எல்லாம் சுத்தமா இருக்கவேணும். மகள் தர்மிகா பிள்ளைப் பேத்துக்கு வந்து நிக்கிறாள். முதல் பிள்ளை ஆறாம் மாசத்திலை வயித்துக்குள்ளையே செத்துப் போட்டுது. இந்தப் பிள்ளை உயிரோடை கைக்கு வரவேணும், ஒன்பது நாளும் கும்பம் அசையாமல் வைச்சுக் கும்பிடுறன் எண்டு நேர்த்தி. வைச்ச கும்பத்தை விஜயதசமி வரைக்கும் அசைக்கக் கூடாது. அசைஞ்சா அபசகுனம்.

தர்மிகாவுக்குப் படி ஏற ஏலாது எண்டு கீழை, நடு அறைக்குப் பின்னாலை இருக்கிற கடைசி அறையிலை கட்டில் போட்டுக் குடுத்திருந்தினம். அவளிட்டைப் போறதெண்டா கும்பத்தைத் தாண்டித்தான் போகவேணும்.

நாலாம் நாள் வரம்பு திரும்பவும் எழும்பி நிண்டுது. வளவுக்கை எறிஞ்ச கல்லு எட்டும் வரம்புக்குப் பின்னாலை குவியலா அடுக்கியிருந்தது. கையை நீட்டி எடுத்து எறிய ஆயத்தமா.

வேதவல்லி ஒருதருக்கும் சொல்லேல்லை.

ஆறாம் நாள் காலமை தர்மிகா தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, பின்னாலை ஆரு ஹூவர் போட்டுக் கூட்டுறது? நைட் ஃபுல்லா ஷ்ஷ்ஷ் எண்டு சவுண்ட்."

"ஹைவேயிலை கார் போற சத்தமாயிருக்கும் பிள்ளை."

"நோ, நோ. போகுது, வருது, போகுது, வருது. எனக்கு ஓகே. பேபியும் உதைக்காமல் நல்லாப் படுக்குது."

வேதவல்லி பின் கதவைத் திறந்து பாத்தா. பனிப்புகார் மூடி, பின் வீட்டுக்காரற்றை லைற் கூடத் தெரியேல்லை. வேலி சரிஞ்சு அங்காலை பாத்துத் தொங்கிக்கொண்டு நிண்டுது. வேலிக்கரையிலை நிண்ட றோசா மரம் இல்லை. அது நிண்ட இடமும் இல்லை. மீன் சந்தையை விடியக் கழுவி விட்ட மாதிரி ஒரு வெடுக்கு, உப்பு, அழுகின பாசி மணம் மூக்குக்குள்ளை ஏறிச்சுது.

"தண்ணிப் பைப் வெடிச்சு மண் இறங்கியிருக்கும், திங்கக்கிழமை கவுன்சிலுக்குப் போன் அடிச்சுச் சொல்லுவம்" எண்டார் யோகலிங்கம். அவரும் கதவுக்கு வெளியிலை கால் வைக்கேல்லை.

எட்டாம் நாள் மண் தட்டத்தை விட்டு இறங்கி, நடு அறைக்குக் குறுக்காலை சுவருக்குச் சுவர் முழங்காலுயர அணையா நிண்டுது. அள்ளி வந்தது ஒரேயொரு ஷொப்பிங் பாக் மண். அதுக்கு முன்னாலை, வாசல் பக்கம், கார்ப்பெற் கிடங்கு மாதிரி உள்ளுக்கை இறங்கியிருந்தது. கும்பம் அணைக்கு மேலை. விளக்கு அணையாமல் எரிஞ்சுகொண்டிருந்தது.

"எனக்கு விசர் பிடிக்கப்போகுது! கறுப்புக் குப்பைப் பாக்கைக் கொண்டாரும், இப்பவே அள்ளிக் கொட்டுறன்" எண்டார் யோகலிங்கம்.

"ஐயோ, தொடாதையுங்கோ! இன்னும் இரண்டே இரண்டு நாள். பிள்ளைக்கு ஏதும் நடந்தா நீங்களே பொறுப்பு?"

"பிள்ளை அந்தப் பக்கம் கிடக்கிறாள், நீர் கும்பத்தைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நில்லும்!"

அவர் அணையிலை கால் வைச்சார். வேதவல்லி கண்டது, அவற்றை தலை வெடுக்கெண்டு பின்னாலை போனதை மட்டும்தான். பிறகு "தொக்" எண்டு ஒரு சத்தம். கிடங்குக்குள்ளை விழுந்து கிடந்தார். நெத்தி பிளந்து, மணிக்கட்டு மடிஞ்சு. பக்கத்திலை ஒரு உருண்டைக் கல்லு.

அம்புலன்ஸிலை ஏத்தேக்கை கையைப் பிடிச்சுச் சொன்னார். "கல்லாலை எறிஞ்சவங்கள், வேதா. பிள்ளையை வெளியிலை எடும்."

அம்புலன்ஸ் போனதும் அவ உள்ளை வந்து அணைக்கு இஞ்சாலை நிண்டு கூப்பிட்டா.

"தர்மிகா, எழும்பி வா பிள்ளை. மேலை போய்ப் படுப்பம்."

"வை? இஞ்சை ஒருதரும் வரமாட்டினம் அம்மா. இட்ஸ் சேஃப்." நித்திரைக் குரல். "நாளைக்கு வாறன்."

நாளைக்கு ஒன்பதாம் நாள். அதுக்கடுத்த நாள் விடியக் கும்பத்தை எடுத்திடலாம். ஒரு நாள்தானே எண்டு வேதவல்லி மனதைத் தேற்றிக்கொண்டு திரும்பினா. அதுதான் அவ விட்ட பிழை.

ஒன்பதாம் நாள் பின்னேரம் மழைக்குணத்திலை நேரத்தோடையே இருண்டு போச்சு. ஆஸ்பத்திரியிலை யோகலிங்கத்தைப் பாத்திட்டு வந்து, சரஸ்வதி பூசைக்கு அவல் குழைச்சு, ஒரு கோப்பையிலை போட்டு மகளுக்குக் கொண்டு வந்தா. வாசல் நடையிலேயே குளிர் காத்து முகத்திலை அடிச்சுது. ஈரக் காத்து. வாய்ச் சொண்டை நக்கினா உப்பு. நடு அறைக் கதவைத் தள்ள, கதவு மண்ணிலை உரசிக்கொண்டு பாதிதான் திறந்தது.

அணை அவவின்ரை நெஞ்சளவு.

மேலை கும்பம். தேங்காய், மாவிலை, பட்டு. விளக்கு காத்துக்கும் அசையாமல் எரிஞ்சுது. முளைகள் முழங்கை நீளத்துக்கு வளந்து, எல்லாம் அவவை நோக்கி.

"அம்மா!"

"என்ன பிள்ளை?"

"வயித்து நோ துவங்கிட்டுது. அம்மா, இட்ஸ் கமிங். கெதியா வாங்கோ."

கோப்பையைப் பிடிச்சபடி கிடங்குக்குள்ளை இறங்கினா. கால் சேத்துக்குள்ளை புதைஞ்சுது. கார்ப்பெற் இல்லை. மண். பச்சை மண்.

"தொக்."

கோப்பை கையிலை இல்லை. விரலிலை ரத்தம்.

"நான்தானே," எண்டா. "நான் அவளின்ரை தாய்."

"தொக்." தோள்மூட்டு.

முளையெண்டு நினைச்சது முளையில்லை. தலைமயிர். அணைக்கு அங்காலை, மயிர் தெரிய, பிறகு நெத்தி தெரிய, பிறகு கண் தெரிய, ஒவ்வொருதரா எழும்பினம். பத்துப் பேர். இருபது பேர். சுவருக்குச் சுவர் தோளோடை தோள். சிவத்த மண் பூசின முகம். கையிலை கவண். வாயே திறக்கேல்லை. எல்லாரும் அவவையே பாத்தினம்.

அவைக்குப் பின்னாலை கடைசி அறை. கட்டில். தர்மிகா கால் இரண்டையும் மடக்கி, கம்பியைப் பிடிச்சுக்கொண்டு.

கட்டிலுக்குப் பின்னாலை சுவர் இல்லை.

வளவும் இல்லை. வேலியும் இல்லை. சாம்பல் நிறத்திலை கடல். கீழை, ஆழத்திலை. போகுது. வருது. ஒவ்வொரு அலை அடிக்கும் நிலம் பாண் ரொட்டி மாதிரிப் பிஞ்சு விழுது.

"பின்னாலை!" வேதவல்லி கத்தினா. "பின்னாலை பாருங்கோ! ஐயோ, அந்தப் பக்கம்!"

கட்டிலின்ரை பின்கால் ஒண்டு வெறுங்காத்திலை தொங்கிச்சுது. தர்மிகா நோவிலை குழறினாள். அந்தக் குழறலுக்கு நடுவிலை இன்னொரு குரல். சின்னக் குரல். புதுக் குரல். உயிரோடை.

ஒரு தலையும் திரும்பேல்லை.

இருபது கையும் கல்லோடை எழும்பி, அவ அசையட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டுது. பின்னாலை இன்னொரு துண்டு நிலம் கடலுக்குள்ளை விழுந்த சத்தம் கேட்டுது. அணைக்கு மேலை, கும்பம் அசையவேயில்லை.