கொசுறாக வந்த வரி

அடுக்குமாடிச் சந்தையான நெல்லை வானங்காடியின் நான்காம் மின்தூக்கியில் ஒட்டியிருந்த எச்சரிக்கைத் தாளைக் கிழித்து, அதிலேயே வடை எண்ணெயைத் துடைத்துக்கொண்டு நாலு பேர் உள்ளே ஏறினார்கள். வடம் நைந்த மின்தூக்கி. புது வடம் வர ஒரு மாதம் ஆகும். பூட்டினால் பூட்டை உடைத்தார்கள். முப்பதாம் மாடிக்கு மேலே போவது அது ஒன்றுதான்.

நாற்பத்தொன்றாம் மாடியில் பாத்திரக்கடை வைத்திருந்த வியாபாரிகள் சங்கத் தலைவர் ஞானதிரவியத்துக்கு, அந்த நாலு பேர் இறங்கும்வரை சோறு இறங்கவில்லை. ஒரு மாதம் வியாபாரம் படுத்தால் படுக்கட்டும், பிணம் விழ வேண்டாம் என்று நேரே கதைநெய்வி நிலையத்துக்குப் போனார்.

ஊர் அறிவிப்பைப் படிக்காது, கதையைக் கேட்கும். கதைநெய்விக்குள் சேதியைப் போட்டால், அதைச் சுமக்கும் கதையொன்றை நெய்து, ‘என் மச்சானே கண்ணால பார்த்தான்’ என்கிற குரலில் கைபேசிதோறும் விதைத்துவிடும்.

“சேதியச் சொல்லுங்க அண்ணாச்சி” என்றாள் அதை இயக்கும் ரெஜினா.

“நாலாம் நம்பர் லிஃப்ட்ல ஏறக்கூடாது.”

இயந்திரம் நெய்தது: உள்ளே ஒரு ஈரத்தலைக்காரி நிற்கிறாள். ஏறியவர் திரும்புவதில்லை, அவர் முகத்தைப் போட்டுக்கொண்டு அவள்தான் இறங்குகிறாள்.

“நல்லாத்தான் இருக்கு. கொசுறு?”

“கதைக்கு ஏது அண்ணாச்சி கொசுறு?”

“கத்திரிக்காய்க்கே கறிவேப்பிலை குடுக்கான். ஒரு வரியாச்சும் போடும்மா.”

ரெஜினா சிரித்தபடி பொத்தானை அழுத்தினாள். இன்னொரு வரி வந்து விழுந்தது: இதைப் பொய்யென்று சொல்பவர் யாரோ, அவர்தான் அவள்.

மறுநாள் முதல் ஈ காக்கைகூட ஏறவில்லை. ஒரு மாதம் கழித்துப் புது வடம் மாட்டிய பிறகும் ஏறவில்லை. “அது பொய், நெய்யச் சொன்னதே நான்தான்” என்றார் ஞானதிரவியம். கூட்டம் இரண்டடி பின்னால் போனது.

“வேற கதை விட்டாலும் அந்த வரி குறுக்க நிக்கும்” என்று ரெஜினா கையை விரித்தாள். “உங்க வீட்டம்மா ஏறினா ஊரே ஏறும்.”

முதலில் அவளுக்குப் பயம் தெளியட்டும் என்று மனைவி எஸ்தரை மின்தூக்கி வாசலில் நிறுத்தி, ஊர் பார்க்க, அவர் தனியாக ஏறி நாற்பத்தொன்றைத் தொட்டுத் திரும்பினார். உள்ளே புழுக்கம், இறங்கும்போது தலை தொப்பலாக நனைந்திருந்தது. எஸ்தர் அந்தத் தலையையே பார்த்தாள்.

அவளைச் சமாதானப்படுத்தப் பக்கத்துப் பூக்காரியிடம் திரும்பினார். “முழம் எவ்வளவு?”

“அம்பது.”

சொன்ன விலையைக் கொடுத்துப் பூவை வாங்கி நீட்டினார்.

“பேரம் பேசலியா?” என்றாள் எஸ்தர், பூவைத் தொடாமல். “கொசுறா ரெண்டு மருக்கொழுந்து?”

“வேண்டாம் எஸ்தரு. இந்த ஜென்மத்துக்குக் கொசுறு வாங்கினது போதும்.”

எஸ்தர் மெல்லப் பின்வாங்கிக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள்.

“இருவத்தாறு வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன்” என்றாள் பூக்காரியிடம். “இது எங்க வீட்டுக்காரர் இல்ல.”